மண்ணிலிருந்து எடுத்த பொருளுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்: புதையல் தேடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தேடலுக்கு வருபவர்களோடு நடக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குழியிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வரும். ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டியிருக்க மாட்டார்கள், அதற்குள் "அம்பு முனை!" என்று குரல் வந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணுக்கு அம்பு முனை மட்டும்தான் தெரியும். அதே பொருளின் மறு ஓரத்தில் இருக்கும் திருகு மரை தெரியாது.

திறந்த மனம் என்றால் எதையும் நம்பத் தயாராக இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது தீர்ப்பைத் தள்ளிப்போடுவதை. முதலில் இடம், அப்புறம் பொருள், அப்புறம் விளக்கங்கள், கடைசியில்தான் பெயர். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பல படிகளை விட்டுவிட்டால் திரும்ப வந்து செய்ய முடியாது.

1. கிளம்புவதற்கு முன்: அனுமதி, பை, எதிர்பார்ப்பு

நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சில நாடுகளில் மெட்டல் டிடெக்டரோடு தேடவே உரிமம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கிடைத்ததை எத்தனை நாளுக்குள் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கையில் பளபளவென்று ஒன்று வந்த பிறகு யாருக்கும் நிதானமாகச் சட்டம் படிக்க மனம் வராது.

பையில் கொத்துக்கரண்டி, மென்மையான பிரஷ், சிறிய ஸ்கேல், ஜிப்லாக் பைகள், அழியாத மை பேனா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், இடத்தைப் பதிய ஜிபிஎஸ் உள்ள போன் இருந்தால் போதும். வீட்டில் 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வேண்டும். பெரும்பாலானோர் மறப்பது நோட்டு. போனில் எடுக்கும் படம் நோட்டுக்கு ஈடாகாது. படம் எடுக்க நீங்கள் பொருளைக் கூர்ந்து பார்க்க வேண்டியதில்லை, எழுதப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில், கிளம்பும் முன்பே, இன்று என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என எழுதுங்கள். "பழைய நாணயங்கள்" என்று எழுதியிருந்தால், வட்டமாக வரும் ஒவ்வொன்றையும் நாணயமாகப் பார்க்கும் ஆபத்து உங்களுக்கு உண்டு. அதை முன்னமே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இது புதியவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. மாலுமி பிரான்சிஸ் டிரேக் 1579-இல் கலிபோர்னியக் கரையில் ஒரு உலோகத் தகட்டை நட்டுவிட்டுப் போனதாகப் பழைய பதிவு இருக்கிறது. அந்தத் தகடு கண்ணில் படுகிறதா பாருங்கள் என்று வரலாற்றுப் பேராசிரியர் ஹெர்பர்ட் போல்டன் தன் மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார். 1936-இல் ஒரு பித்தளைத் தகடு கிடைத்தது. அவர் அதை உண்மையானது என்று ஏற்றுக்கொண்டார். 1970களில் சோதித்தபோது அது நவீன முறையில் செய்த பித்தளை என்று தெரிந்தது. தன் துறையை நன்கு அறிந்த மனிதர் அவர். காத்திருந்த பொருள் காத்திருந்த வடிவிலேயே வந்ததால் கண் ஏமாந்துவிட்டது.

2. சிக்னல் வந்த இடத்தில்: தோண்டும் வரிசை

டிடெக்டர் திரையில் வரும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்லாது. பொருளின் மின்கடத்தும் தன்மை, அளவு, கிடக்கும் கோணம் எல்லாம் சேர்ந்த ஒரு குறிப்புதான் அது. அலுமினிய டப்பாவின் இழுப்பு வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து எண்களையே காட்டும். எண்ணைப் பார்த்து "குப்பை" என்று நகர்ந்தால் மோதிரத்தையும் விட்டுவிட்டுப் போகிறீர்கள். "தங்கம்" என்று முடிவுகட்டித் தோண்டினால், வளையம் வந்ததும் எரிச்சலில் பதிவு செய்ய மாட்டீர்கள். இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

தோண்டும் முன் தரையைப் படம் எடுங்கள். புல்லோடு மண்ணை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்குமாறு வெட்டி மூடிபோலத் திருப்புங்கள். பொருளின் மேல்பாகம் தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் பிடுங்குகிறார்கள். தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது, சுற்றியுள்ள மண்ணின் நிறம் என்ன, கரி, ஓடு, எலும்பு ஏதாவது பக்கத்தில் தெரிகிறதா என்று எழுதுங்கள். ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் வெளியே எடுங்கள்.

ஏன் இவ்வளவு? பொருளை நாளைக்கும் அளக்கலாம். அது கிடந்த நிலை இன்றைக்கு ஒரு முறைதான் இருக்கும். உழுத மண்ணுக்குள் கிடந்ததா, உழவு படாத அடுக்கில் கிடந்ததா என்பது ஒன்று போதும், பின்னால் வரும் பாதி வாதங்களைத் தீர்த்துவிடும்.

ஒரே குழியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வர ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனார், கிடைத்தது ரோமானியப் புதையல். கொஞ்சம் எடுத்ததுமே நிலைமை புரிந்து தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மீதியைத் தொல்லியலாளர்கள் அடுக்கு கலையாமல் எடுத்ததால், மட்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதுவரை அறிய முடிந்தது. கிட்டத்தட்ட 15,000 நாணயங்கள். அவரே எல்லாவற்றையும் அள்ளிப் பைகளில் போட்டிருந்தால் நாணயங்கள் மிஞ்சியிருக்கும், அந்தப் பெட்டி நமக்குத் தெரிந்தே இருக்காது.

வெடிபொருள் போல எதுவும் தெரிந்தாலோ மனித எலும்பு தெரிந்தாலோ தொடாமல் விலகி, உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். இங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை.

3. கழுவாதீர்கள்

மண்ணோடு அப்படியே பையில் போட்டு, பை மேல் எண், தேதி, இடம் எழுதுங்கள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். நாணயத்தின் மேல் ஒட்டிய மணல் துகள்களே எழுத்தைக் கீறிவிடும். செம்பின் மேல் இருக்கும் பச்சைக் களிம்பில் பழைய துணியின் நெசவுகூடப் பதிந்து நிற்கும். பானை ஓட்டின் உள்பக்கக் கறுப்பு சமைத்த உணவின் மிச்சமாக இருக்கலாம். அழுக்கு என்று கழுவுவது பல நேரம் சாட்சியைத்தான்.

ஈரத்தில் கிடந்த மரமும் தோலும் ஈரமாகவே இருக்கட்டும். காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். இரும்புக்கு இதற்கு நேர்மாறு, உலர்வாக வையுங்கள். புளி, எலுமிச்சை, வினிகர், கம்பித் தேய்ப்பான் எதுவும் வேண்டாம்.

4. பெயரில்லாமல் விவரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

நோட்டில் பொருளைப் பற்றி எழுதுங்கள், ஆனால் அது என்ன என்று மட்டும் எழுதாதீர்கள். "வாள் துண்டு" வேண்டாம். "தட்டையான இரும்பு, ஒரு ஓரம் மெல்லியது, மறு ஓரம் தடித்தது, இரு முனையும் உடைந்தது" என்று எழுதுங்கள். "பூஜைக் கிண்ணம்" வேண்டாம். "வாய் அகலம் 9 செ.மீ., அடி தட்டை, உள்ளே மட்டும் வழவழப்பு." பெயர் வந்தவுடன் அந்தப் பெயருக்குப் பொருந்தாத விவரங்களைக் கை எழுத மறுக்கும். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன், என்னிடமும் பார்த்திருக்கிறேன்.

நான் எடுத்த ஒரு ஈய வில்லையைச் சொல்கிறேன். குறுக்களவு 26 மி.மீ., தடிமன் இரண்டரை மி.மீ., நடுவில் 5 மி.மீ. துளை, எடை 14 கிராம். குழியருகிலேயே "தக்களிக் குண்டு" என்று சொல்லிவிட்டேன். நூல் நூற்கும் தக்களியில் எடைக்காகக் கோப்பார்களே, அது. அளவும் எடையும் பொருந்தின. வீட்டில் உட்கார்ந்து பெயரில்லாமல் எழுத ஆரம்பித்தபோதுதான் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. துளையின் உள்சுவரில் செம்பழுப்புத் துரு. ஒரு முகம் லேசாகக் குழிந்திருந்தது, மறுமுகம் அதே அளவு புடைத்திருந்தது. துளையின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் பிசிறு. ஈயம் துருப்பிடித்துச் சிவக்காது. அப்படியானால் அந்தத் துளைக்குள் இரும்பு இருந்திருக்கிறது. மீதிக் கதை ஆறாம் படியில்.

எழுத வேண்டியவை: அளவு, எடை, நிறம், காந்தம் பிடிக்கிறதா, எப்படிச் செய்திருக்கிறார்கள் (வார்ப்பா, அடித்ததா, வெட்டியதா, அச்சில் அழுத்தியதா), எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது. தேய்மானத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பொருளைச் செய்தவர் என்ன நினைத்தார் என்பதை வடிவம் சொல்லும், வாங்கியவர் என்ன செய்தார் என்பதைத் தேய்மானம் சொல்லும். நீங்கள் எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டி, கேட்பவரால் படம் வரைய முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் விவரம் போதவில்லை.

5. மனிதர் செய்ததா, இயற்கையா?

இந்தக் கேள்வியை விளக்கங்களுக்குப் போகும் முன்பே கேட்க வேண்டும். பாதிப் பேர் கேட்பதே இல்லை.

கல்லில் கிளைகிளையாகக் கறுப்புக் கோலம் இருந்தால் செடியின் பதிவு என்பார்கள். விரிசல்களில் மாங்கனீசு ஆக்சைடு படிந்து வளரும் வடிவம் அது. உருண்டையான கற்களை டைனோசர் முட்டை என்பார்கள். மண்ணுக்குள்ளேயே தாதுக்கள் திரண்டு உருளும் கட்டிகள் எத்தனையோ உண்டு. கனமான கறுப்புக் கல்லை விண்கல் என்பார்கள். உள்ளே காற்றுக் குமிழிகளின் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் இரும்பு உருக்கிய சிட்டம். அதுவும் மனிதர் வேலைதான். விண்கல் தேடியவர் வீசி எறிந்த சிட்டம், பக்கத்தில் ஒரு உலை இருந்ததைச் சொல்லியிருக்கும்.

கல் கருவி என்று தோன்றினால், அடிபட்ட புள்ளிக்குக் கீழே சிறு புடைப்பும் அதைச் சுற்றி அலை வளையங்களும் இருக்கின்றனவா பாருங்கள். அது மட்டும் போதாது, ஆற்றில் உருளும் கல்லும் மோதி அப்படிச் சில்லு தெறிக்கும். ஒரே ஓரத்தில், ஒரே திசையில், ஒழுங்கான இடைவெளியில் பல சில்லுகள் எடுக்கப்பட்டிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அந்த இடத்தில் இயல்பாகக் கிடைக்காத கல் வகை என்றால் இன்னும் வலுக்கிறது.

முகம், எழுத்து, மிருகம் தெரிகிறது என்றால் ஒரு எளிய சோதனை: கல்லைத் தலைகீழாகத் திருப்பி, விளக்கை எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வெளிச்சம் விழுந்த படத்தில் குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும். நான்கு திசை வெளிச்சத்திலும் அதே எழுத்து நின்றால் மேலே போகலாம். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் தெரியும் முகம் நிழலின் வேலை.

6. மூன்று விளக்கங்கள், அதில் ஒன்று சாதாரணமானது

இப்போதுதான் "என்னவாக இருக்கும்?" என்று கேட்கிறோம். குறைந்தது மூன்று விடைகள் எழுதுங்கள். அதில் ஒன்று கட்டாயம் சலிப்பூட்டும் விடையாக இருக்கட்டும்: விவசாயக் கருவியின் பாகம், குழாய்த் துண்டு, வண்டியின் ஆணி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இது சரியென்றால் வேறு என்ன தெரிய வேண்டும்?" என்று எழுதுங்கள். பிடித்த விளக்கத்துக்கு ஆதாரம் தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும். அது தவறாக இருந்தால் எங்கே காட்டிக்கொடுக்கும் என்று தேடுவதுதான் வேலையை முன்னே நகர்த்தும்.

என் ஈய வில்லைக்கு எழுதியவை இவை. தக்களிக் குண்டு என்றால் துளை வழவழப்பாக, சரியாக நடுவில் இருக்க வேண்டும். கோத்திருந்தது பெரும்பாலும் மரக்குச்சி, துருவுக்கு வழியில்லை. மீன் வலையில் கட்டும் ஈயக்குண்டு என்றால் கயிறு உரசி விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் நீர்நிலை இருந்திருக்க வேண்டும். தகரக் கூரையில் ஆணிக்கு அடியில் மழைநீர் இறங்காமல் இருக்கப் போடும் ஈய வாஷர் என்றால் துளையில் இரும்புத் துருவும், தகரத்தின் வளைவோடு அழுந்திய குழிவும் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் மூன்றாவது தானாகவே எழுந்து நின்றது. அதே இடத்துக்கு மறுபடி போனபோது இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றில் ஆணி அப்படியே இருந்தது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் தகரக் கூரை போட்ட கட்டடம் நின்றது என்பது யாரும் சொல்லாமல் எனக்குத் தெரிந்த செய்தி.

சாதாரண விடையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1961-இல் கலிபோர்னியாவில் கிடைத்த கோசோ பொருள் உதாரணம். கல் போன்ற கட்டிக்குள் பீங்கானும் உலோகத் தண்டும். ஐந்து லட்சம் ஆண்டு பழமை என்றார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த ஸ்பார்க் பிளக் சேகரிப்பாளர்கள் அது 1920களின் ஸ்பார்க் பிளக் என்று அடையாளம் சொன்னார்கள். துருப்பிடிக்கும் இரும்பு, சுற்றியுள்ள மண்ணையும் கூழாங்கல்லையும் இழுத்துப் பிடித்துச் சில பத்தாண்டுகளிலேயே கல் போல இறுகிவிடும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் "கல்லுக்குள் இருந்தது, ஆகவே மிகப் பழையது" என்ற வாதத்தில் நீங்கள் விழ மாட்டீர்கள்.

7. வீட்டில் செய்யக்கூடிய சோதனை

அடர்த்திச் சோதனை நம்பகமானது, பொருளைக் கீறாது. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் மூழ்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதலில் எடுத்த எடையை இதனால் வகுங்கள்.

42 கிராம் எடையுள்ள பொருள் தண்ணீரில் 5 காட்டினால் அடர்த்தி 8.4, அது பித்தளைப் பக்கம். சுத்தத் தங்கம் 19.3, ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு சுமார் 8.9, இரும்பு 7.9. தங்கமாக மினுக்கும் இரும்புப் பைரைட் சுமார் 5 தான். உள்ளே வெற்றிடம் இருந்தால் விடை குறைவாக வரும். டங்ஸ்டனும் 19.3-ஐ ஒட்டியே வரும், ஆகவே 19 வந்ததாலேயே தங்கம் என்று முடித்துவிடாதீர்கள்.

இரும்பையும், துணியோ மரமோ ஒட்டியிருப்பதையும் தண்ணீரில் விடாதீர்கள். அமிலம் ஊற்றுவது, கல்லில் உரசுவது போன்ற சோதனைகள் வேண்டவே வேண்டாம்.

8. காலத்தைக் கணிக்கும்போது

ஒரு அடுக்கில் பல பொருள்கள் கிடைத்தால், அதில் மிகப் புதியதுதான் அடுக்கின் வயதைக் கட்டுப்படுத்தும். நூறு பழைய ஓடுகளுக்கு நடுவே கலையாமல் கிடந்த ஒரு இழுப்பு வளையம், அந்த மண் 1960களிலோ அதற்கு அப்புறமோதான் மூடப்பட்டது என்று சொல்லிவிடும். புதியவர்கள் அந்த வளையத்தை வீசிவிட்டு ஓடுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

நாணயத்தில் இருக்கும் ஆண்டு அது அச்சான காலம். தொலைந்தது அதற்கு எவ்வளவு காலம் கழித்து வேண்டுமானாலும் இருக்கலாம். தேய்மானத்தைப் பாருங்கள்: எழுத்து மழுங்கிய நாணயம் நெடுநாள் பல கை மாறியிருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் அச்சுக் கோடு வாயின் உச்சிவரை ஓடினால் அது இயந்திரத்தில் செய்தது. தானியங்கிப் புட்டி இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது 1900களின் தொடக்கத்தில்தான்.

எலி வளை, மரவேர், உழவு, பழைய குழிகள் இவை எல்லாம் புதிய பொருளைக் கீழே இறக்கும், பழையதை மேலே ஏற்றும். ஆழத்தை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

9. தெரிந்தவரிடம் கேட்கும் முறை

"இது ரோமானியக் கொக்கிதானே?" என்று கேட்டால் விடையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். "இது என்னவாக இருக்கலாம்?" என்று கேளுங்கள். ஸ்கேலோடு எடுத்த ஆறு பக்கப் படம், எடை, ஆழம், மண் குறிப்பு எல்லாவற்றையும் முதல் தடவையே கொடுங்கள். உங்கள் ஊகத்தை அவர் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள். முடிந்தால் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரிடம் கேளுங்கள். தொல்லியலாளர் ஒருவரும், பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்த மெக்கானிக் ஒருவரும் என்றால் இன்னும் நல்லது. மர்மப் பொருள்கள் பலவற்றை அந்த மெக்கானிக் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

வந்த விடை பிடிக்கவில்லை என்றால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டு அந்தக் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஆள் தேடி ஓடுவது, நமக்குப் பிடித்த விடை வரும்வரை ஓடுவதாக முடியும்.

"தெரியவில்லை" என்பதும் முழுமையான விடைதான். பன்னிரண்டு முகம் கொண்ட, ஒவ்வொரு முகத்திலும் துளையுள்ள ரோமானிய வெண்கலப் பொருள்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எதற்காகச் செய்தார்கள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அருங்காட்சியகங்கள் அவற்றை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கின்றன.

10. குப்பை என்று ஒதுக்கியதைத் திரும்பப் பார்ப்பது

அடையாளம் தெரியாதவற்றுக்கு ஒரு தனிப் பெட்டி வையுங்கள். எண்ணும் குறிப்பும் இல்லாமல் எதுவும் அதற்குள் போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து, பழைய குறிப்பைப் படிக்கும் முன் பொருளை மறுபடி விவரித்து எழுதுங்கள். அப்புறம் இரண்டையும் ஒப்பிடுங்கள். நடுவில் நீங்கள் நூறு பொருள் பார்த்திருப்பீர்கள், கண் மாறியிருக்கும்.

கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து 1901-இல் சிலைகளோடு மேலே வந்த ஒரு களிம்பேறிய கட்டியை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1902-இல் அதில் ஒரு பற்சக்கரம் கவனிக்கப்பட்டது. சூரியன், சந்திரன் போன்றவை வானில் இருக்கும் நிலைகளைக் கணக்கிடும் பழங்கால இயந்திரம் அது. அதற்குள் யாராவது அதைச் சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்திருந்தால் அந்தப் பற்கள் போயிருக்கும்.

நோட்டில் பழைய முடிவை அடிக்காமல், அதற்குக் கீழே தேதி போட்டுப் புதிய முடிவையும் மாறிய காரணத்தையும் எழுதுங்கள். என் நோட்டில் அந்த ஈய வில்லைக்கு நேரே "தக்களிக் குண்டு" இன்னும் இருக்கிறது. கீழே வேறு மையில் "கூரை வாஷர்: துளையில் துரு, ஒரு முகம் குழிவு, ஆணியோடு இன்னொன்று கிடைத்தது."